மாதுளைநிறப் புடவையும் ஒரு பச்சோந்தியும்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது உரிமை கொண்டாடி வந்துவிடுவார்கள் என்று நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், பூதலராயன் என்றொரு ராஜா இருந்தான். தாயம் ஆடும்போது ராணி செங்கமலை கள்ளாட்டம் ஆடினாள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். அவள் பல்லக்கு ஏறித் தாய்வீடு போய்விட்டாள். "நானாகப் போய் அவளை அழைக்கமாட்டேன்" என்று சபையில் சபதம் வேறு செய்து தொலைத்தான்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ராணி விட்டுப்போன மாதுளைநிறப் புடவை ஒன்று மடித்தபடியே கொடியில் கிடந்தது. அந்த நிறம் அரண்மனைக்குள் நடமாடிய நாட்களை நினைத்து, அதையே பார்த்து ஏங்கிக்கொண்டிருப்பான். ஒருநாள் சபையில் வாய்விட்டே சொன்னான்.

"அந்த நிறத்தில் ஓர் உயிர் என் கண்ணெதிரே நடமாட வேண்டும்."

பிரதானி உத்தண்டருக்கு அரசவை விகடன் கூத்தபிரானைக் கண்டாலே ஆகாது. இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"பிரபு, பச்சோந்தி எதன்மேல் உட்காருகிறதோ அந்த நிறத்துக்கு மாறும். கூத்தபிரான் ஒன்றைப் பிடித்து வந்து புடவைமேல் விடட்டும்."

"அப்படியே ஆகட்டும். நாளை மாலைக்குள் பச்சோந்தியும் புடவையும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். தவறினால், கூத்தபிரானே, நீர் இந்த நாட்டில் இருக்க வேண்டாம்" என்றான் ராஜா.

கூத்தபிரான் கருவேல மரத்திலிருந்து ஒன்றைப் பிடித்து வந்து, சபையில் விரித்த புடவைமேல் விட்டான். அது இடுக்கிபோன்ற விரல்களால் ஜரிகையைப் பற்றி, குடிகாரனைப்போல முன்னும் பின்னும் ஆடி ஆடி நடந்தது. ஒரு கண் ராஜாவைப் பார்த்தது, மற்றொரு கண் பிரதானியைப் பார்த்தது. தன் உடம்பைவிட நீண்ட நாக்கை வீசி ஓர் ஈயைப் பிடித்துத் தின்றது. நிறம் மட்டும் பச்சையிலேயே நின்றது. பிரதானி குச்சியால் குத்திப் பார்த்தார். கோபத்தில் கறுத்தது, அவர் விலகியதும் மறுபடி பச்சையானது.

மறுநாள் மாலை கூத்தபிரான் ஓர் அண்டா நிறையப் பச்சைச் சாயத்தைச் சபை நடுவே கொண்டுவந்து வைத்தான். புடவையைக் கையில் எடுத்தான்.

"என்ன செய்கிறீர்?" என்றான் ராஜா.

"இரண்டும் ஒரே நிறமாக வேண்டும் என்பது தங்கள் ஆணை. பச்சோந்தி மாற மறுக்கிறது. புடவை மறுக்காது பிரபு."

முந்தானை அண்டாவுக்குள் இறங்கப் போனது. ராஜா சிம்மாசனத்திலிருந்து ஓடிவந்து புடவையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது.

"வேண்டாம் ஓய். இதில் இன்னும் அவள் பூசும் சந்தனம் மணக்கிறது. இதையும் விட்டால் எனக்கு என்ன இருக்கிறது?"

சபை தலைகுனிந்து நின்றது. கூத்தபிரான் கைகட்டிச் சொன்னான்.

"பிரபு, பச்சோந்தி உட்காரும் இடத்தைப் பார்த்து நிறம் மாறுவதில்லை. வெயிலுக்கு மாறும், பயத்துக்கு மாறும், துணையைக் கண்டால் மாறும். உள்ளே இருப்பதுதான் அதன் தோலில் தெரியும். இப்போது தங்கள் முகத்தில் தெரிந்ததும் அதுதான்."

"சபதம் செய்துவிட்டேனே."

"அழைக்கமாட்டேன் என்றுதானே சபதம்? மகாராணியார் விட்டுப்போன புடவையைக் கொண்டுபோய்க் கொடுக்கமாட்டேன் என்று சொல்லவில்லையே."

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி விகடனுக்குப் போட்டான். பச்சோந்தியை மரத்தில் கொண்டுபோய் விடும் வேலையைப் பிரதானிக்குக் கொடுத்தான். உடனே தேர் பூட்டச் சொன்னான்.

தாய்வீட்டு வாசலில் ராணி புடவையை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள்.

"மடித்து வைத்த புடவை இப்படிக் கசங்குமா? யார் கசக்கினது?"

ராஜாவின் கை தானாக மார்புக்குப் போனது. அவள் அந்தக் கசங்கலைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தன் பெட்டியை எடுத்துவந்து தேரில் ஏறி உட்கார்ந்தாள்.