சீல் குத்தும் நாள்

பள்ளிக்கூட விடுதி ஒன்றுக்குத் தினமும் இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவள் பேச்சியம்மாள். ஏழு மாதமாக அவளுக்குப் பணம் வரவில்லை. கிரைண்டரையே அடகுக் கடைக்குத் தூக்க வேண்டிய நிலைமை.

ஒரு நாள் பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் தலைவர் வந்திருந்தார். "பில் வந்த அன்னைக்கே செக் குடுத்திடறோம்" என்று பள்ளித் தாளாளர் பதிவேட்டை விரித்துக் காட்டினார். பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. ஏனென்றால், செக் எழுதுகிற அன்றைக்குத்தான் பில்லில் 'வந்தது' என்று தேதிச் சீல் குத்துவார்கள்.

தலைவர் முன்னால் அதிகாரம் காட்ட, தாளாளர் பேச்சியம்மாளைக் கூப்பிட்டார். "நாளைக்கு ஆண்டு விழா. விடியறதுக்குள்ள ரெண்டாயிரம் இட்லிக்கு மாவு வந்தாகணும். இந்தா, ஆர்டர்."

அவள் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஆர்டர் வந்த அன்னைக்கே மாவு குடுத்திருவேன் ஐயா."

"இன்னைக்கேவா?"

"அது தெரியாதுங்க. உளுந்து வாங்கக் காசு கிடைக்கணும். மாவு என்னைக்கு ரெடியாகுதோ, அன்னைக்கு இந்தச் சீட்டுல 'வந்தது'ன்னு சீல் குத்திக்கிறேன். என் பில்லுக்கு நீங்க செய்யிற மாதிரிதான்."

தலைவர் மேசை இழுப்பறையைத் திறக்கச் சொன்னார். ஏழு மாத பில்லும் சீல் இல்லாமல் கிடந்தன. அங்கேயே செக் எழுத வைத்தார். பிறகு சீலைத் தாளாளர் கையில் கொடுத்து, "ஒவ்வொரு பில்லும் வந்த தேதிக்குத் திருப்பி, நீங்களே குத்துங்க" என்றார்.

சீலின் தேதிச் சக்கரத்தை ஏழு மாதம் பின்னால் திருப்பி முடிப்பதற்குள் பத்து விரலும் மை. மறுநாள் விழாவில் தாளாளர் அந்தக் கையோடுதான் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். இட்லி என்னவோ பஞ்சு மாதிரி இருந்தது.