ஆமைச் சங்கமும் புலிக் காப்பீடும்

ஒரு காட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஆறு ஒன்று ஓடியது. இக்கரையில் குடியிருந்த முயல்களுக்கும் அணில்களுக்கும் வேண்டிய பழமும் கிழங்கும் அக்கரையில்தான் விளைந்தன. அவற்றுக்கோ ஆற்றைக் கடக்க வழியில்லை.

அதைப் பார்த்துப் பொறுக்காமல் பன்னிரண்டு ஆமைகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தன. காலையில் சிறு பிராணிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போய் அக்கரையில் விடும். மாலையில் திரும்ப அழைத்து வரும். கூலி கிடையாது.

சங்கத்தின் தலைவி ஆம்பல் என்ற பெண் ஆமை. அதற்கு எல்லார் மேலும் பிரியம். ஆனால் பயம் கொஞ்சம் அதிகம். தண்ணீரில் இலை விழுந்தால்கூட "யார் அது?" என்று தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஒரு நாள் நரி ஆற்றங்கரைக்கு வந்தது.

"ஆம்பலக்கா, ஊருக்கெல்லாம் உழைக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று என்றால் யார் வருவார்கள்? என்னிடம் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்" என்றது.

"காப்பீடா? அப்படியென்றால்?"

"ஆபத்து வருமுன்பே உதவிக்கு ஆள் பேசி வைப்பது. பௌர்ணமிதோறும் எனக்கு ஒரு கூடை நண்டு கொடுங்கள். புலி வந்தால், நானும் என் சொந்தக்காரர் முப்பது பேரும் ஓடி வந்து விரட்டிவிடுவோம்!"

புலி என்றதும் ஆம்பலின் கழுத்து ஓட்டுக்குள் போய்விட்டது.

அருகில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த யானைக் கூட்டத்தின் தலைவி வேழம்மாள் தும்பிக்கையை உயர்த்தியது.

"நாங்களும் காப்பீடு தருகிறோம், ஆம்பல். கோடையில் நான்கு நாள் எங்கள் குட்டையைத் தூர்வாரிக் கொடுங்கள். உங்களுக்கோ, நீங்கள் ஏற்றிச் செல்பவர்களுக்கோ ஆற்றில் அடிபட்டால் தூக்கிப் போய் வைத்தியம் பார்ப்போம். குணமாகும்வரை சாப்பாடும் எங்களுடையது. ஆனால் வெள்ளம், அதோ ஆற்றின் நடுவே தெரிகிறதே, அந்தக் கரும்பாறையை மூழ்கடித்த பிறகு நீங்கள் ஆற்றில் இறங்கினால் நாங்கள் பொறுப்பில்லை. புலிக்கும் பொறுப்பில்லை."

"புலிக்கு இல்லையா?" என்று உள்ளிருந்தபடியே கேட்டது ஆம்பல்.

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "இதுவும் ஒரு காப்பீடா, அக்கா!"

சங்கத்தில் பாசி என்றொரு ஆமை இருந்தது. முதுகெல்லாம் பச்சைப் பாசி படர்ந்திருந்ததால் அந்தப் பெயர். அது மெதுவாகக் கேட்டது: "ஆம்பல், நம் ஆற்றில் நீ எப்போதாவது புலியைப் பார்த்திருக்கிறாயா?"

"பார்க்காததால்தான் இன்னும் பயமாக இருக்கிறது, அண்ணா" என்றது ஆம்பல்.

நரியுடனே ஒப்பந்தம் ஆயிற்று. நான்கு பௌர்ணமிகளுக்கு நான்கு கூடை நண்டு போயிற்று. புலி வரவில்லை.

மழைக்காலம் வந்தது. பாசி இரண்டு அணில்களைச் சுமந்து நடு ஆற்றில் நீந்திக்கொண்டிருந்தது. அப்போது ஒரு பெரிய மரக்கட்டை சுழன்று வந்தது. அணில்கள் மேல் படாமல் பாசி சட்டென்று திரும்பி அடியைத் தானே வாங்கிக்கொண்டது. அணில்கள் பிழைத்தன. பாசியின் ஓடு பிளந்துவிட்டது.

ஆம்பல் மூச்சிரைக்க நரியின் குகைக்குப் போயிற்று. "நரியாரே, பாசி அண்ணனுக்கு அடிபட்டுவிட்டது. சீக்கிரம் வாருங்கள்!"

நரி நண்டுக்காலைக் கடித்துக்கொண்டே கேட்டது: "புலியா அடித்தது?"

"இல்லை, மரக்கட்டை."

"கட்டைக்கு வருவேன் என்று நான் சொன்னேனா, அக்கா? நன்றாக யோசித்துப் பாருங்கள்."

ஆம்பல் யோசித்தது. நரி சொல்லவில்லைதான். தானும் கேட்கவில்லை.

அங்கிருந்து யானைகளிடம் ஓடியது. வேழம்மாள் வருத்தத்தோடு தலையசைத்தது. "இன்று ஒப்பந்தம் போட்டால் இனி நடப்பதற்குத்தான் வருவோம், அம்மா. முன்பே உடைந்ததற்கு வர முடியாது. அதற்கும் வந்தால், எல்லாரும் அடிபட்ட பிறகுதானே எங்களைத் தேடுவார்கள்?"

ஆம்பலுக்கு அழுகை வந்தது. ஆனாலும் அது நியாயம் என்று புரிந்தது.

அது திரும்பி வந்து ஒவ்வோர் ஆமையிடமும் கேட்டது: "இந்த வேலையில் உனக்கு என்னென்ன நேர்ந்திருக்கிறது?" ஒன்றைக் கட்டை இடித்திருந்தது. ஒன்றின் முதுகிலிருந்து கீரிப்பிள்ளை வழுக்கி விழுந்திருந்தது. மூன்று ஆமைகளுக்குக் கரையேறும்போது காலில் முள் தைத்திருந்தது. புலியைப் பற்றி ஒருவருமே பேசவில்லை.

மறுநாள் ஆம்பல் வேழம்மாளிடம் போயிற்று. "ஆற்றில் அடிபட்டால் மட்டும் போதாது. கரையில் நடப்பதையும் சேர்த்துக்கொள்வீர்களா?"

வேழம்மாள் காதுகளை ஆட்டி யோசித்தது. "சேர்த்துக்கொள்கிறோம். அரை நாள் கூடுதலாகத் தூர்வாருங்கள்."

நரிக்கு நண்டு நின்றது. யானைகளோடு ஒப்பந்தம் ஆயிற்று.

பாசியை மட்டும் ஆம்பலே பார்த்துக்கொண்டது. இரண்டு மாதம் நாள்தோறும் நீர்ப்பாசியை வாயில் கவ்வி வந்து ஊட்டியது.

"என் பயத்தைக் கேட்டேன். உன்னைக் கேட்காமல் போனேனே, அண்ணா" என்று ஒரு நாள் விம்மியது.

"அது இருக்கட்டும். தினமும் பாசியையே தின்னத் தருகிறாயே, என் பெயரே தீர்ந்துவிடப் போகிறது!" என்றது பாசி. ஆம்பல் அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டது.

ஓடு கூடியது. பாசி மறுபடி ஆற்றில் இறங்கிய வாரமே, கரையில் வழுக்கி விழுந்து ஒரு முயல்குட்டியின் கால் ஒடிந்தது. ஆம்பல் சொல்லியனுப்பிய கொஞ்ச நேரத்தில் வேழம்மாள் வந்து நின்றது. குட்டியைத் தும்பிக்கையில் பூப்போல எடுத்துக்கொண்டது.

"கால் கூடும்வரை இவனுக்குக் கிழங்கு எங்கள் வீட்டிலிருந்து வரும்" என்று தாய் முயலிடம் சொல்லிவிட்டு வைத்தியரிடம் நடந்தது.

யானை மரங்களுக்குள் மறையும்வரை ஆம்பல் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கழுத்தை நன்றாக வெளியே நீட்டி, கரையில் காத்திருந்தவர்களைப் பார்த்துக் கேட்டது:

"அடுத்து யார்? ஏறிக்கொள்ளுங்கள்."

நீதி: நாம் செய்யும் வேலையில் என்ன ஆபத்து வரும் என்று அறிந்து, அதற்கேற்ற காவலைத் தேட வேண்டும்.