தரை என்ன சொன்னது

“எனக்கு ஒண்ணுமே தோணலம்மா,” என்றார் திலகவதி.

பல்கலைக்கழகத்தின் நடனத் துறைக்கு அவர்தான் தலைவர். முப்பது வருஷமாகப் பரதம் சொல்லிக்கொடுப்பவர். அடுத்த மாதம் ஓய்வு.

கேட்டுக்கொண்டிருந்தவள் யூனிஸ். வயது முப்பத்தொன்று. ஒத்திகை இல்லாமல், அந்த நேரத்தில் தோன்றுவதை ஆடக் கற்றுக்கொடுக்க ஆறு வாரத்துக்கு வந்திருக்கும் விருந்தாளி.

முதல் நாளே திலகவதி தன் மாணவிகளோடு கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டார். “எனக்கும் அட்டெண்டன்ஸ் போட்டுடும்மா.”

இது ஆறாவது வாரம்.

“நேத்து ஆடினீங்களே மேடம்,” என்றாள் யூனிஸ்.

“நல்லா இருந்துதா?”

“ரொம்ப நல்லா இருந்துது. வீட்ல எத்தனை தடவை ஆடிப் பார்த்தீங்க?”

திலகவதி ஜன்னலைப் பார்த்தார்.

“பதினோரு தடவை.”

“பிட் கொண்டுவந்திருக்கீங்க.”

பின்னாலிருந்த மாணவிகள் சிரித்தார்கள். பரீட்சை ஹாலில் அவர்கள் பிட்டைப் பிடுங்குகிறவர் அவர்தான்.

திலகவதியும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை மேடை. அஞ்சு நிமிஷம். ஒண்ணும் வராம மரம் மாதிரி நின்னுட்டேன்னா? எண்ணிக்கை இல்லாம ஒரு அடி வைக்காதேன்னு நான் வளர்த்த பிள்ளைங்க எல்லாம் பார்த்துட்டு இருக்கும். போற நேரத்துல எனக்கு எதுக்கு இது? விலகிக்கிறேன்.”

“சரி, ஆட வேணாம். தட்டிக் கும்பிடுங்க. அது போதும்.”

ஆட்டம் தொடங்கும் முன் செய்வது அது. மிதிக்கப் போகிறோம், பொறுத்துக்கொள் என்று தரையைத் தொட்டுக் கேட்பது. திலகவதி அதைத் தூக்கத்தில்கூடச் செய்வார். செய்தார். எட்டு எண்ணிக்கையில் முடிந்தது.

“என்ன கேட்டீங்க?”

“மன்னிப்பு.”

“தரை என்ன சொல்லிச்சு?”

திலகவதி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“தரை எங்கேம்மா பேசும்?”

“இருந்து கேட்டாத்தானே. கேட்ட கையோட எழுந்துட்டீங்க.”

மறுநாளும் அதே கும்பிடு. அதே எட்டு.

“இன்னிக்கு என்ன சொல்லிச்சு?”

“முட்டி வலிக்குதுன்னு.”

“அது முட்டி சொன்னது.”

வெள்ளிக்கிழமை. பங்குனி வெயில். திறந்தவெளி அரங்கின் சிமெண்டு மேடை. மாலை நாலு மணி.

துறைத்தலைவர் என்பதால் முதல் ஆள் திலகவதி. மனசுக்குள் ஒரு பிட் இருந்தது. காலையில் ஒன்பது தடவை ஆடிப் பார்த்தது.

வெறுங்காலோடு நடுமேடைக்கு வந்தார். தட்டித் தட்டித் தடித்துப்போன பாதங்கள். அவற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் தரையைத் தொட்டார்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

சுட்டது.

எண்ணிக்கை நாலில் நின்றுபோயிற்று. ஒரு மாணவி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

திலகவதி மறுபடி தொட்டார். ஒரே ஒரு விரலால். இழுத்தார். வேறொரு விரல். உள்ளங்கையை ஊதினார். ஊதிய பக்கம் தோள் போனது, தோளோடு இடுப்பும் போனது. அந்தக் கையை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டே மேடை முழுக்கச் சுற்றினார்.

மேடை ஓரத்தில் வேப்பமர நிழல், ஒரு பாய் அகலத்துக்கு. அதில் கையை வைத்தார்.

எடுக்கவே இல்லை.

அஞ்சு நிமிஷம் முடிந்ததும் அடிக்க வேண்டிய மணியை யூனிஸ் மறந்துபோனாள். ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது.

திலகவதி மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

“பிட் என்ன ஆச்சு மேடம்?”

“எந்தப் பிட்டு?”

யூனிஸ் சிரித்தாள். “சரி, தரை என்ன சொல்லிச்சு?”

திலகவதி சிவந்திருந்த உள்ளங்கையை அவள் கன்னத்தில் வைத்தார்.