கரட்டு ராசாவுக்கு ஆள் அனுப்புன பிள்ளைங்க

ஒரு ஊர்ல ஒரு கரடு இருந்துச்சு. ஊரை விடக் கரடுதான் பெருசு. மொட்டைப் பாறை, முள்ளு, பொந்து பொந்தா குகை. அந்தக் கரட்டுக்குக் கீழ கோழிக்கூடு மாதிரி நாப்பது அம்பது வீடு. ஊர் பேரு கரட்டடி. ம் கொட்டு தேனு, அப்பத்தானே பெரியம்மாவுக்குக் கதை வரும்.

"ம்."

அந்த ஊர்ல மழை பேஞ்சா சோறு, பேயலைன்னா பட்டினி. அப்போ மழை யாரு கையில இருக்கு? கரட்டு ராசா கையில. கரட்டுக்குள்ள அவருக்கு அரண்மனை இருக்காம். மழை பொய்ச்சா ஊர்ல இருந்து ஒரு ஆளு குகை வழியா உள்ள போகணுமாம். ராசா இலை போட்டு விருந்து வைப்பாராம். இவரு சாப்பிட்டுட்டு, "எங்க ஊருக்கு மழை குடுங்க சாமி"ன்னு கேப்பாராம். உடனே 'சோ'ன்னு ஊத்துமாம். போன ஆளு மட்டும் திரும்ப வர்றதில்ல. விருந்து அப்பேர்ப்பட்ட விருந்துன்னு பெரியவங்க சொல்வாங்க.

"யாரு போவாங்க பெரியம்மா?"

அதைத்தான் சொல்ல வர்றேன். யாரு போகணும்னு பெரியவங்க சொல்ல மாட்டாங்க. சொன்னா பாவமாச்சே! ஒரு பிள்ளையைப் பீடத்துல ஏத்தி, மாலை போட்டு, அதுகிட்ட கேப்பாங்க. அதுக்கு வாக்குப் பிள்ளைன்னு பேரு. அது சொல்ற பேரு ராசா சொன்ன பேரு. அப்புறம் ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் சேந்து அந்த ஆளு இடுப்புல கயித்தைக் கட்டி, 'ஓ'ன்னு கத்திக்கிட்டு கரட்டு மேல கூட்டிப் போகணும். ஒரு பொந்துக்குள்ள அனுப்பிட்டு, பெரிய கல்லை உருட்டி வாயை மூடணும். திரும்பி வந்தா ஆளுக்கு ரெண்டு அதிரசம்.

அப்போ பெரியவங்க என்ன பண்ணுவாங்கன்னு கேளு. எல்லாரும் கோயில் சுவத்தைப் பாத்து நின்னுக்குவாங்க. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு சத்தமா பாட்டுப் பாடுவாங்க. பிள்ளைங்க கையில பாவம் ஒட்டாது, பெரியவங்க கண்ணுல எதுவும் படாது. எப்படி ஏற்பாடு!

அந்த ஊர்ல குருவம்மான்னு ஒரு பிள்ளை. உன்னைவிட ரெண்டு விரக்கடை உசரம். முன்பல்லு ரெண்டும் விழுந்து போச்சு. போன வருஷம் அவளும் கயித்தைப் பிடிச்சு இழுத்தவதான். அந்த வருஷம் போனது ஒச்சப்பன். அவரு பிள்ளைங்களுக்குப் பட்டம் செஞ்சு குடுப்பாரு, ஆட்டுக்குட்டி மாதிரி கத்திக் காட்டுவாரு. ஏர் பிடிக்கிற நேரத்துல பட்டம் விடுறானேன்னு பெரியவங்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. பிள்ளைங்க எல்லாம் விளையாட்டுன்னு நினைச்சுதான் இழுத்துச்சுங்க. அவரும் சிரிச்சுக்கிட்டேதான் போனாரு. கல்லை உருட்டுனாங்க. கடகடகட... டம்!

மறுநாள் குருவம்மா ஆடு மேய்க்கப் போனா. அந்தக் கல்லுக்குப் பின்னாடி இருந்து 'டொக்... டொக்...'னு சத்தம். அவ பயந்து ஓடி வந்து அம்மாகிட்ட சொன்னா. "ஒச்சப்பன் மாமா கல்லைத் தட்டுறாரும்மா!"

அம்மா சொன்னா, "அது காத்துடி."

அப்புறம் நாட்டாமைகிட்ட போய்ச் சொன்னா. "அது உடும்பு"ன்னாரு.

அப்புறம் பூசாரிகிட்ட போய்ச் சொன்னா. "ராசா வீட்டு மேளம். கேக்குறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்"னாரு.

குருவம்மா மத்த பிள்ளைங்களைக் கூட்டிப் போய் அந்தக் கல்லைத் தள்ளிப் பாத்தா. அசையல. மேட்டுல இருந்து உருட்டி மூடுறதுக்குப் பிள்ளைங்க பலம் போதும். தொறக்கணும்னா பெரியவங்க பலம் வேணும். அவ கல்லு மேல வாயை வச்சு, "மாமா, இருங்க மாமா"ன்னு சொல்லிட்டு வந்தா. கொஞ்ச நாள்ல அந்தச் சத்தம் நின்னு போச்சு.

தூங்கிட்டியா?

"இல்ல. சொல்லுங்க."

அந்த வருஷமும் மழை இல்ல. நாலு தூத்தல் போட்டுட்டுப் போச்சு. அப்புறம் இந்த வருஷம் வந்துச்சு. வாக்குப் பிள்ளை யாருன்னு பாத்தா, நம்ம குருவம்மா! ஊரே அவளைத் தூக்கி வச்சுக் கொஞ்சுச்சு.

மொதல்ல நாட்டாமை சடையாண்டி வந்தாரு. மடி நிறைய பொரி உருண்டை. "தின்னு தாயி. ராசா என்ன பேரு சொல்வாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆனா அந்த மேலத்தெரு காத்தாயி இருக்காளே... கம்மாத் தண்ணி நாட்டாமை வயலுக்கு மட்டும் எப்படிப் பாயுதுன்னு சபையில கேக்குறா. வாய் நல்லா இருக்கு. ராசாகிட்ட மழை கேக்க நல்ல வாய் வேணுமில்ல?"

அப்புறம் பூசாரி வந்தாரு. தொன்னை நிறைய சக்கரைப் பொங்கல், மேல ஒரே ஒரு முந்திரி. "போன திருவிழாவுல நான் அருள் வந்து ஆடறப்ப வேட்டி அவுந்துச்சுல்ல, அப்போ ஒருத்தன் சிரிச்சான் பாத்தியா? கீழத்தெரு வேலப்பன். ராசாவுக்குச் சிரிக்கிற ஆளுன்னா ரொம்பப் பிடிக்கும் தாயி."

மூணாவதா யாரு வந்தா தெரியுமா? அவ அம்மாவே வந்தா. தலை சீவி, பின்னல் போட்டு, மல்லிப்பூ வச்சு விட்டா. கன்னத்தைத் தடவுனா. அப்புறம் மெதுவா, "நம்ம வீட்ல சின்ன அத்தை இருக்காளே... புருஷன் செத்ததுல இருந்து இங்கயே கிடக்கா. இருக்குற கஞ்சி நமக்கே பத்தல. அவளுக்கும் அங்க போனா விருந்து கிடைக்கும்"னா.

சின்ன அத்தைதான் குருவம்மாவுக்குக் கதை சொல்லும், பேன் பாக்கும், பல்லு விழுந்தப்ப கூரை மேல எறிஞ்சதும் அதுதான்.

"அம்மா, அங்க விருந்து இல்லம்மா. நான் சத்தம் கேட்டேன்."

அம்மா பின்னலை இறுக்கிக் கட்டுனா. "காத்துன்னு சொன்னேன்ல?"

பேரு கேக்குற திருவிழா அன்னிக்கு டண்டணக்கு டண்டணக்குன்னு மேளம். குருவம்மாவைப் பீடத்துல ஏத்துனாங்க. பேரு சொல்ல மாட்டேன்னா இறக்கி விட்டுட்டு வேற பிள்ளையை ஏத்துவாங்க. அந்தப் பிள்ளை மடியிலயும் பொரி உருண்டை விழும். அது அவளுக்குத் தெரியும்.

பூசாரி கேட்டாரு, "ராசா யாரைக் கேக்குறாரு தாயி?"

நாட்டாமை காத்தாயியைப் பாத்தாரு. பூசாரி வேலப்பனைப் பாத்தாரு. அம்மா தரையைப் பாத்தா.

குருவம்மா சொன்னா, "ராசா கோவமா இருக்காரு. போன வருஷம் அனுப்புன ஆளு வந்து சேரவே இல்லையாம். அதான் மழை இல்லையாம். இலை போட்டுட்டு இன்னும் காத்துக்கிட்டு இருக்காராம். கல்லைத் தொறந்து, அந்த ஆளு எங்க நிக்கிறாருன்னு பெரியவங்களையே பாக்கச் சொல்றாரு."

மேளம் டப்புன்னு நின்னுச்சு.

நாட்டாமை, "எனக்கு இடுப்புப் பிடிப்பு"ன்னாரு. பூசாரி, "எனக்குத் தீட்டு"ன்னாரு. அம்மா, "அடுப்புல உலை கொதிக்குது"ன்னா. அப்போ கூட்டத்துக்குள்ள இருந்து காத்தாயி கேட்டா, "வாக்குன்னா வாக்குதானே? போன வருஷம் ஒச்சப்பன் பேரைச் சொன்னப்ப யாருக்கும் இடுப்புப் பிடிக்கலையே!"

என்ன பண்ணுவாங்க? ராசா வாக்கை மீற முடியுமா? எல்லாரும் கரடு ஏறுனாங்க. முக்கி முனகிக் கடப்பாறை போட்டு நெம்புனாங்க. கர்ர்ர்... கர்ர்ர்னு கல்லு நகந்துச்சு.

குகை ஆழமே இல்ல தேனு. நம்ம அடுப்படி அளவுதான் இருக்கும். பாதையும் இல்ல, அரண்மனையும் இல்ல. கல்லை ஒட்டியே ஒச்சப்பன் உக்காந்திருந்தாரு. அதாவது, அவரு வேட்டியும் எலும்பும். கையில ஒரு கூழாங்கல்லு. உள்பக்கம் கல்லு பூரா வெள்ளை வெள்ளையா கொத்துன தடம்.

சின்ன அத்தைதான் உள்ள போய், முந்தானையை எடுத்து அவரு மேல போத்துச்சு.

அப்போ நாட்டாமை தொண்டையைச் செருமிக்கிட்டுச் சொன்னாரு, "அடப்பாவிகளா! இந்தப் பிள்ளைங்க என்ன காரியம் பண்ணி வச்சிருக்குங்க, பாத்தீங்களா!"

உடனே எல்லாரும், "ஆமா ஆமா, பிள்ளைங்களா இதுங்க!"ன்னாங்க.

குருவம்மா அழுதுக்கிட்டே சொன்னா, "நாங்கதான் பண்ணோம் தாத்தா. நீங்க பாட்டுப் பாடுனீங்க."

"அப்புறம் அவரு என்ன பண்ணாரு பெரியம்மா?"

இறங்கிப் போய்ச் சபையைக் கூட்டுனாரு. விடிய விடியப் பேசி, வழக்கத்தையே நிறுத்திட்டாங்க. என்ன காரணம் சொன்னாங்க தெரியுமா? வழக்கம் நல்ல வழக்கம்தானாம். இந்தக் காலத்துப் பிள்ளைங்கதான் சரியில்லையாம். இதுங்களை நம்பி இம்மாம் பெரிய பொறுப்பை ஒப்படைக்க முடியாதாம்! நிறுத்துனதுக்குப் பெரியவங்க எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் மெச்சிக்கிட்டாங்க. பிள்ளைங்களுக்குத் தலைக்கு ரெண்டு குட்டு.

அப்புறம் மழை வந்துச்சு. மழை எப்போ வரணுமோ அப்போ வந்துச்சு. அம்மா ரொம்ப நாள் சின்ன அத்தை முகத்தைப் பாத்துச் சோறு போடல. தட்டைப் பாத்துப் போட்டா. ஆனா கரண்டி நிறையத்தான் போட்டா.

"அந்தப் பிள்ளைங்க எல்லாம் என்ன ஆனாங்க?"

வளந்து பெரியவங்களா ஆனாங்க. பாதிப் பேரு, "எங்க காலத்துல வழக்கம்னா வழக்கம்"னு பேச ஆரம்பிச்சாங்க. குருவம்மா பேசல. ஊர்ப் பிள்ளைங்க கையில யாராவது எதையாவது குடுத்து அனுப்புனா, என்ன ஏதுன்னு பாக்க அவ பின்னாடியே போவா. ஊரே அவளைக் கிறுக்கின்னு சொல்லுச்சு.

அவ்வளவுதான். கதை கரடு ஏறிப் போச்சு, தூக்கம் கண்ணுக்குள்ள இறங்கியாச்சு. கண்ணை மூடு தங்கம்.