கொற்றன் வெல்லமும் ராஜாவின் நாக்கும்

முன்னொரு காலத்தில் கன்னலூர் நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். இனிப்பென்றால் உயிரை விடுவான். அவன் தாத்தா காலத்தில் பண்டிகைக்குத்தான் பாயசம். அப்பா காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் என்றானது. இவன் காலத்திலோ ரசத்திலும் வெல்லம் விழுந்தது. ராஜாவைப் பார்த்து ஊரும் கஞ்சிக்கு வெல்லக்கட்டி கடித்துக்கொண்டது.

ஒருநாள் ராஜா பாயசக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டான். இனிக்கவே இல்லையாம். மடைப்பள்ளி அதிகாரி விடங்கருக்கு அமைச்சர் பொழிலனைக் கண்டாலே ஆகாது. அமைச்சர் கொண்டுவந்து வைத்த கொற்றன்தான் அரண்மனைக்கு வெல்லம் காய்ச்சுபவன். அவன் கலப்படம் செய்கிறான் என்று விடங்கர் ராஜாவின் காதில் ஓதிவிட்டார். கொற்றனைச் சிறையில் தள்ளச் சொன்னான் ராஜா.

அமைச்சர் மடைப்பள்ளிக்குப் போனார். அந்த வெல்லத்தைத் தானே வாயில் போட்டுப் பார்த்தார்; ஒரு குறையும் இல்லை. குறை ராஜாவின் நாக்கில் என்று சொன்னால் தலை தங்குமா? அதனால் பணிவாக ஒன்று கேட்டார். பௌர்ணமியன்று சபையில் பல ஊர் வெல்லத்தோடு கொற்றன் வெல்லத்தையும் வைத்துச் சோதிக்கவேண்டும். அதுவரை அரண்மனையில் யாரும் இனிப்பைத் தொடக்கூடாது. கொற்றனின் வெல்லப்பானைக்கு விடங்கரே முத்திரை வைக்கட்டும். ராஜா சம்மதித்தான்.

அடடா, அந்த நாட்களைக் கேட்கவேண்டுமே! ராஜா தூக்கத்தில் அதிரசத்தின் பெயரைச் சொல்லி விசும்பினான். சேனாபதி ஒரு தேனீயின் பின்னாலேயே நடந்து தோட்டத்துக் குளத்தில் விழுந்தார். விடங்கர் காலிப் பாகுச் சட்டியை மோந்துகொண்டு நின்றார்.

பௌர்ணமி வந்தது. கண் ஏமாற்றும், நாக்குதான் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று அமைச்சர் ராஜா, விடங்கர் இருவர் கண்ணையும் பட்டுத்துணியால் கட்டினார். பிறகு சபை பார்க்க, விடங்கரின் முத்திரையையே உடைத்து ஆளுக்கொரு துண்டு ஊட்டினார். சபையே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

ராஜாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. விடங்கர் விரலையும் சேர்த்துச் சப்பினார்.

"மகாராஜா, இதல்லவா வெல்லம்! காய்ச்சியவனுக்குப் பொற்காப்பு போடலாம். அந்தக் கொற்றனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், வெட்கப்படட்டும்."

அமைச்சர் கட்டை அவிழ்த்தார். எதிரே கொற்றனின் பானை; பக்கத்தில் உடைந்த முத்திரை. விடங்கரின் முகம் சுண்டிப்போனது.

"வெல்லம் மாறவில்லை, மகாராஜா," என்றார் அமைச்சர். "தினமும் திகட்டத் தின்றால் நாக்கு மரத்துப்போகும். மரத்த நாக்கு இன்னும் கேட்கும். கொடுக்கக் கொடுக்க இன்னும் மரக்கும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கொற்றனை வரவழைத்து, விடங்கர் வாயால் கேட்ட பொற்காப்பை விடங்கர் கையாலேயே போடவைத்தான். அமைச்சருக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தான். வீடு வீடாகப் போய் இனிப்பைக் குறைக்கச் சொல்லும் வேலை விடங்கர் தலையில் விழுந்தது.

அரண்மனை அதிகாரி வாசலுக்கு வந்தால் ஜனங்கள் சும்மா அனுப்புவார்களா? வீட்டுக்கு வீடு பானகம். முதல் வீட்டில் தித்திப்பு தாங்காமல் முகம் சுளித்தார் விடங்கர். தெருக்கோடி வீட்டுக்கு வந்தபோது, குவளையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"கொஞ்சம் வெல்லம் குறைகிறதோ, அம்மா?"