பதினான்கு தோல்விகள்

“எந்த ஆபரேஷன் மேடம் நல்லது?” என்று கேட்டார் அருளப்பன்.

குழந்தைகளின் கண் அழுத்த நோய்க்கு அறுவை செய்யக் கற்றுக்கொள்ள வந்து, அவருக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது.

டாக்டர் சௌந்தரவல்லி கை கழுவிக்கொண்டிருந்தார்.

“வியாழக்கிழமை பிரகதிக்குச் செய்யணும். அஞ்சு மாசக் குழந்தை. ரெண்டு கண்ணும். தெரிஞ்சுக்காம கத்தியைத் தொட எனக்கு மனசு வரலை,” என்று தொடர்ந்தார் அருளப்பன்.

“என்னைக் கேட்டா எனக்குப் பழகினதைத்தான் சொல்வேன். நீங்க என்ன நினைக்கிறீங்க?”

அருளப்பன் நோட்டைத் திறந்தார். ஏழு வருடப் பதிவேடுகளை எண்ணி வைத்திருந்தார்.

கண்ணுக்குள் ஊறும் நீர் வடியாமல் போனால் அழுத்தம் ஏறும். கவனிக்காமல் விட்டால் பார்வை போகும். அடைபட்ட வழியை மெல்லிய கம்பி விட்டுத் திறப்பது ஒரு முறை. கண்ணின் வெள்ளைப் பகுதியில் புதிதாக ஒரு வழி வெட்டுவது இன்னொரு முறை.

“கம்பி முறையில நாற்பத்தொரு குழந்தைங்க. பதினாலு பேருக்கு மறுபடி ஆபரேஷன். புது வழி முப்பத்தாறு. மறுபடி அஞ்சே பேர்.”

அந்தப் பதினான்கு பெயர்களுக்கும் ஐந்து பெயர்களுக்கும் மேலே சிவப்பு மையில் ‘தோல்வி’ என்று எழுதி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார்.

“கோடு நேரா இருக்கு,” என்றார் சௌந்தரவல்லி.

“அப்போ புது வழிதானே மேடம்?”

“அஞ்சு போக மீதி முப்பத்தொண்ணு. அவங்க எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க.”

“யார் சொன்னா?”

“மறுபடி செஞ்சதா எங்கேயும் எழுதலையே.”

சௌந்தரவல்லி மேஜை மேலிருந்த தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு வெளியே போனார்.

அது திங்கட்கிழமை.

முப்பத்தொரு பேரில் பன்னிரண்டு பேர் இன்னும் வந்துபோகிறவர்கள். பத்தொன்பது பேர் மூன்றாம் மாதத்துக்குப் பிறகு வரவே இல்லை.

பத்தொன்பது எண்களையும் அழைத்தார். ஏழு எண்கள் வேலை செய்யவில்லை. பன்னிரண்டு பேர் எடுத்தார்கள்.

ஏழு குழந்தைகள் நலம். “பறக்குற கொசுவைக் குறி தப்பாம அடிக்கிறான் டாக்டர், ஆனா புத்தகத்தை மட்டும் பார்க்க மாட்டான்,” என்றாள் ஒரு தாய்.

மற்ற ஐந்து வீடுகளிலும் பேச்சு வேறு மாதிரி இருந்தது.

“தண்ணியா வடிஞ்சுது சார்,” என்றார் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர். “உடம்புச் சூடுன்னு தலைக்கு எண்ணெய் வச்சோம். அதான் ஆபரேஷன் ஆயிடுச்சேன்னு இருந்துட்டோம். இப்போ பெஞ்சைத் தடவித்தான் உட்காருது.”

“வெளிச்சம் தெரியுதா?”

“தெரியுது சார்.”

“நாளைக்கே கூட்டிட்டு வாங்க.”

புதன்கிழமை அருளப்பன் சௌந்தரவல்லியின் அறைக்குள் வந்து நின்றார். உட்காரவில்லை.

“அஞ்சு பேருக்குப் பார்வை குறைஞ்சிருக்கு. ஏழு பேர் எங்கேன்னே தெரியலை. இவங்க மட்டும் ஏன் மேடம் வரலை?”

“மலையில இருக்கிறவங்க. டவுன் பஸ்ல வர்றவங்களுக்குக் கம்பி. அடிக்கடி வர முடியாதுன்னு சொன்னவங்களுக்குப் புது வழி. அப்படிப் பிரிச்சது நான்தான்.”

பேனாவை மூடி வைத்தபடி சொன்னார்: “வர முடியாதுன்னாங்க. சொன்னபடி வரலை.”

“அப்போ கம்பி முறைதான் நல்லதா?”

சௌந்தரவல்லி எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

“நாகஜோதி, உள்ளே வா.”

ஒன்பது வயதுப் பெண். தடித்த கண்ணாடி. அன்று காலை அழுத்தம் பார்க்க வந்தவள்.

“இந்த டாக்டரைப் பார்த்துச் சொல்லு. என்ன தெரியுது?”

அவள் அருளப்பனை மேலிருந்து கீழாக, அவசரமில்லாமல் பார்த்தாள்.

“மூணாவது பட்டன் இல்ல. பையில சிவப்பு மை ஊறியிருக்கு. ஷேவ் பண்ணி ரெண்டு நாள் ஆச்சு.”

“உனக்கு எத்தனை ஆபரேஷன்?”

“மூணு. இன்னொண்ணு பண்றதுன்னா பரீட்சை அன்னிக்குப் பண்ணுங்க டாக்டரம்மா.”

“போ, போய் உட்காரு.”

அவள் போனதும் சௌந்தரவல்லி சொன்னார்:

“உங்க நோட்டுல எட்டாவது.”

அருளப்பன் நோட்டைப் பிரித்தார். கம்பி முறைப் பட்டியலில் எட்டாவது பெயர் அவள்தான். சிவப்புக் கோட்டுக்குக் கீழே.

பதிவேட்டை எடுத்து ஒன்றாவது பெயரிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். பதினான்கு பேரும் அந்த வருடமும் வந்திருந்தார்கள். பதின்மூன்று பேர் கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறவர்கள். ஒருத்திக்கு மட்டும் ஒரு கண்ணில் பார்வை குறைவு.

இன்னொரு முறை எண்ணினார். பதினான்குதான்.

வியாழக்கிழமை பிரகதியின் இரண்டு கண்களுக்கும் கம்பி முறையில் செய்தார்கள். சௌந்தரவல்லிக்கு அதுதான் கை பழகியது, காரணம் அவ்வளவுதான். இடது கண்ணை அருளப்பன் செய்தார்.

திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பும்போது குழந்தை தாயின் தோளில் கிடந்து ஜன்னல் வெளிச்சத்தைக் கண் கூசாமல் பார்த்தது.

தாய் காளீஸ்வரி மூன்று பஸ் மாறி மலையிலிருந்து வந்தவள். அருளப்பன் அவளிடம் மூன்று எண்கள் வாங்கினார். அவளுடையது, கணவனுடையது, தெருமுனைக் கடைக்காரருடையது. ஒவ்வொன்றையும் அழைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.

“கடைக்காரர் எதுக்கு டாக்டர்? அவர்கிட்ட நாங்க பேசுறதே இல்லை.”

“நான் பேசிக்கிறேன். ஆறு வாரம் கழிச்சு வாங்க. குழந்தையைத் தூங்க வச்சு அழுத்தம் பார்ப்போம். ஏறியிருந்தா மறுபடி ஆபரேஷன்.”

காளீஸ்வரி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

“மறுபடின்னா, இப்போ பண்ணது வீணாப் போச்சுன்னு அர்த்தமா டாக்டர்?”

“நீங்க வந்துட்டீங்கன்னு அர்த்தம்,” என்றார் அருளப்பன்.