ஒச்சப்பர் இன்னும் வந்து சேரவில்லை

ஊமத்தங்குடிக்கு வழி கேட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்ல மாட்டார்கள். வழி தெரியாமல் இல்லை. போனவர்கள் திரும்பி வந்து பேசும் பேச்சைக் கேட்க அவர்களுக்குப் பொறுமை இல்லை.

அந்த ஊரில் வெயிலுகந்தான் என்று ஒருவன். நல்ல உழைப்பாளி, கூச்சக்காரன். கண் மட்டும் மந்தம். கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் இருப்பதெல்லாம் கஞ்சியில் கரைந்த மாதிரிதான் அவனுக்குத் தெரியும். ஊரார் அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. "உனக்குத் தெரியாததை நாங்க பாத்துச் சொல்றோம், விடு" என்றார்கள்.

வம்பு வந்தது பெண் பார்க்கப் போன இடத்தில்.

ஏரிக்கு அக்கரையில் கரும்பூர். அங்கே தாய் தகப்பன் இல்லாத பவளத்தை அவள் தாய்மாமன் ஒச்சப்பர் வளர்த்து வந்தார். பவளம் வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றாள். வெயிலுகந்தானோ முற்றத்துக் கொடியில் காய்ந்த சிவப்புச் சேலையையே வெட்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொண்ணு பிடிச்சிருக்கா தம்பி?" என்றார் ஒச்சப்பர்.

"பிடிச்சிருக்கு மாமா. காத்தடிச்சாத்தான் கொஞ்சம் ஆடுறா."

ஒச்சப்பர் துண்டை உதறி எழுந்தார். "கண்ணு தெரியாதவனுக்குப் பொண்ணைக் கொடுத்துட்டு நான் கண்ணைக் கசக்கவா? வர்ற வெள்ளிக்கிழமை உங்க ஊருக்கு வருவேன். அதுக்குள்ள இவன் கண்ணுக்கு ஒரு வழி பண்ணியிருந்தா தாம்பூலம். இல்லேன்னா வேற இடம்!"

தலை குனிந்து வெளியேறிய வெயிலுகந்தானின் காதில், "பாத்து, படி இருக்கு" என்று ஒரு குரல் விழுந்தது. பவளத்தின் குரல்தான். ஊர் வந்து சேரும்வரை அந்தக் குரலையே நினைத்துக்கொண்டு நடந்தான். அந்த மாதிரி ஒரு குரல் சொன்னால் எத்தனை படியில் வேண்டுமானாலும் விழலாம் என்று தோன்றியது.

மறுநாள் ஊர்ப்பெரியவர் பூலோகம், சங்கிலி, தவிட்டான் மூவரும் அவனை டவுனில் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனார்கள். கடைக்காரர் அவனை நாற்காலியில் உட்கார வைத்து, "ஒரு கண்ணை மூடுங்க" என்றார். யாருடைய கண் என்று அவர் சொல்லவில்லை. பெரிய மனிதர், அவருக்கு எதற்குச் சிரமம் என்று பூலோகம் எழுந்துபோய்க் கடைக்காரரின் இடது கண்ணைப் பொத்தினார்.

அதைச் சரிசெய்த பிறகு, சுவரில் ஒரு அட்டை மாட்டப்பட்டது. எழுத்துத் தெரியாதவர்களுக்கான அட்டை. மூன்று பல் வைத்த சீப்பு மாதிரி படங்கள் பெரிதும் சிறிதுமாக இருந்தன. பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்ட வேண்டும்.

வெயிலுகந்தானுக்கு அட்டையே தெரியவில்லை. அவன் நெற்றியில் வியர்த்தது. கூட வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? கடைக்காரர் அட்டைப் பக்கம் திரும்பும்போதெல்லாம், "மேலே... இப்போ வலது... ஏலே, உன் சோத்துக் கைப்பக்கம்டா!" என்று பின்னாலிருந்து ஓதினார்கள். கடைசி வரிசைப் படம் எறும்புக்கால் அளவு இருந்தது. சங்கிலி அட்டைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து அதையும் சொல்லிக் கொடுத்தான்.

கடைக்காரர் அசந்துபோனார். "என் அனுபவத்துல இப்படி ஒரு கண்ணைப் பாத்ததில்லை. உங்களுக்குக் கண்ணாடியே வேண்டாம், போயிட்டு வாங்க!"

நால்வரும் தெருவுக்கு வந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். "நம்ம பய பாஸ் பண்ணிட்டான்!" என்று தவிட்டான் வழியில் போனவர்களுக்கெல்லாம் கடலை மிட்டாய் கொடுத்தான். கொஞ்ச தூரம் நடந்ததும், பாஸ் பண்ணியவன் வாய்க்காலில் விழுந்தான்.

அவனைத் தூக்காமலேயே கரையில் உட்கார்ந்து ஆலோசனை செய்தார்கள்.

"அவ்வளவு நல்ல கண்ணுக்கு இவ்வளவு பெரிய வாய்க்கால் எப்படித் தெரியாமப் போச்சு?" என்றான் சங்கிலி.

"கடைக்குள்ள வாய்க்கால் இல்லையே. அதைக் காட்டிக் கேட்டிருந்தா இவன் தவறியிருப்பான்" என்றான் தவிட்டான்.

பூலோகம் நெடுநேரம் தாடையைத் தடவினார். "படிச்சவர் சொன்னதுல தப்பு வராது. கண்ணு நல்லாத்தான் இருக்கு. சாமான்கள்தான் தள்ளித் தள்ளி இருக்கு. ஆகவே, கண்ணை விட்டுட்டு, சாமான்களைப் பக்கத்துல கொண்டுவர வழி பாக்கணும்."

"அதுக்கு முன்னாடி என்னைக் கரைக்குக் கொண்டாங்க பெரியப்பா" என்றான் வெயிலுகந்தான் வாய்க்காலிலிருந்து.

சந்தையில் பழைய சாமான் விற்பவனிடம் வழி கிடைத்தது. பித்தளைக் குழாய், இரண்டு முனையிலும் கண்ணாடி. "இதுல பாத்தா தூரத்துல இருக்கறது பக்கத்துல வந்துரும்" என்றான் அவன்.

"திருப்பிப் பிடிச்சா?"

"பக்கத்துல இருக்கறது தூரமாப் போயிரும்."

இந்த இரண்டு வாக்கியத்தையும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே ஊர் வந்தார்கள்.

முதலில் சங்கிலி பார்த்தான். குன்றின்மேல் இருந்த தென்னை முகத்துக்கு நேரே வந்தது. இளநீர் பறிக்கக் கையை நீட்டி, உட்கார்ந்திருந்த வைக்கோல்போரிலிருந்து கீழே விழுந்தான். "பறிக்கறதுக்குள்ள மரம் நகந்துருச்சு" என்றான்.

அடுத்து தவிட்டானை ஒரு காளை முட்ட வந்தது. அவன் ஓடவில்லை. நிதானமாகக் குழாயைத் திருப்பிப் பிடித்தான். காளை கடுகளவு ஆகி எங்கோ தொலைவில் போய்விட்டது. அவன் சிரித்துக்கொண்டு நிற்கும்போதே அது அவனைத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் போட்டது.

"காளை அவ்வளவு தூரத்துல இருக்கும்போது உன்னை முட்டினது எது?" என்று பூலோகம் விசாரித்தார்.

"அதான் பெரியப்பா எனக்கும் தெரியலை. குழாய்க்குள்ளயே பாத்துக்கிட்டிருந்ததால வேற யாரு வந்ததுன்னு கவனிக்கலை."

வெயிலுகந்தான் எல்லோரும் கலைந்த பிறகு தனியாக வைக்கோல்போரின்மேல் ஏறினான். குழாயைக் கரும்பூர்ப் பக்கம் திருப்பி, முனையை இழுத்தும் தள்ளியும் பார்த்தான். சட்டென்று ஒரு முகம். அன்று கொடியில் பார்த்த அதே சிவப்புச் சேலையில் பவளம் கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஒட்டியிருந்த தவிடுகூடத் தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாளே என்று அவன் தலையைக் கோதிக்கொண்டான். வாயைத் துடைத்துக்கொண்டு, அவள் பயந்துவிடாதபடி மெல்லக் கேட்டான்: "சௌக்கியமா?"

பவளம் பதில் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்டான். அவள் கோழியைப் பார்த்தே சிரித்தாள். அவன் மனம் சுருங்கியது. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சங்கிலி போரின்மேல் காவல் இருந்தான். திடீரென்று அலறினான். "பெரியப்பா! ஒச்சப்பர் வந்துட்டாரு! என் மூக்குக்கு முன்னாடி நிக்கிறாரு!"

"ஐயையோ, இன்னும் உலையே கொதிக்கலையே! குழாயைத் திருப்புடா!"

சங்கிலி திருப்பினான். "எறும்பளவு போயிட்டாரு."

"அப்படின்னா நாளைக்குத்தான் வருவார்" என்று பூலோகம் அடுப்பை அணைக்கச் சொன்னார். ஆளுக்கொரு பாயில் படுத்தார்கள். வெயிலுகந்தான் மட்டும் புதுச்சட்டையைக் கழற்றி மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டு வந்து படுத்தான்.

சற்று நேரத்தில் ஒச்சப்பர் வெயிலில் கறுத்து வியர்வையில் நனைந்த முகத்தோடு அவர்கள் தலைமாட்டில் வந்து நின்றார். "வர்றேன்னு சொல்லியும் தூங்கறீங்களாவே?"

பூலோகம் ஒரு கண்ணைத் திறந்தார். "அண்ணாச்சி, நீங்க இன்னும் வரலை."

"என்னது?"

"வெகு தூரத்துல இருக்கீங்க. சங்கிலி பாத்துட்டான். இப்படி அவசரப்பட்டு முன்னாடியே நிக்கறது மரியாதை இல்லை."

"இங்கதானய்யா நிக்கிறேன்! இது என் கால், இது என் செருப்பு!"

"செருப்பு வந்திருக்கலாம்" என்றான் தவிட்டான் தயக்கத்தோடு. "அதை நாங்க மறுக்கலை."

வெயிலுகந்தான் எழுந்து கை கூப்பினான். கூப்பிய திசையில் தூண் இருந்தது. "மாமா, கோபிக்காதீங்க. நாளைக்கு நீங்க வந்ததும் உங்ககூட நல்லபடியாப் பேசறேன்."

"கொண்டா அந்தக் குழாயை!" என்று ஒச்சப்பர் அதைப் பிடுங்கிக்கொண்டு போரின்மேல் ஏறினார். மேலேயிருந்து போட்டு உடைக்கத்தான் ஏறினார். அதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கண்ணில் வைத்தார். நேராகத்தான் வைத்தார்.

அவர் வாய் திறந்தபடி நின்றது. எதிரே அவர் வீடு. வாசலில் பவளம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்து வந்த களைப்பில் அவருக்கு நா வறண்டிருந்தது.

"பவளம், ஒரு சொம்பு தண்ணி கொண்டா!"

பவளம் நிமிரவில்லை.

"ஏ புள்ளே, பவளம்!" ஊர் நாய்களெல்லாம் குரைத்தன. பவளம் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். ஒச்சப்பரின் குரல் இறங்கியது. "ஒரு முழம் தள்ளி நின்னு கத்துறேன். திரும்பிக்கூடப் பாக்கலையே!"

கீழேயிருந்து வெயிலுகந்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான். "தப்பா நினைக்காதீங்க மாமா. அன்னைக்கு நானும் பக்கத்துல போய் ரெண்டு தடவை சௌக்கியமான்னு கேட்டேன். பதில் இல்லை."

"வீட்டுல நான் சொன்னதையெல்லாம் செஞ்சாளே!"

"வாயசைவைப் பாத்துப் புரிஞ்சிருப்பா அண்ணாச்சி. கெட்டிக்காரப் பொண்ணு" என்று பூலோகம் ஆறுதல் சொன்னார்.

ஒச்சப்பர் குழாயை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். பையனின் கண்ணைக் குறை சொன்னவர், காது கேட்காத பெண்ணை அல்லவா வீட்டில் வைத்திருக்கிறார். "இந்த விஷயம் வெளியே போக வேண்டாம்" என்றார் மெல்ல.

"எனக்குச் சம்மதம் மாமா" என்றான் வெயிலுகந்தான். "அவளுக்குக் கேக்காததை நான் கேட்டுச் சொல்றேன். எனக்குத் தெரியாததை அவ பாத்துச் சொல்லட்டும்."

ஒச்சப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். மணமேடையில் நாதஸ்வரக்காரரைப் பவளத்தின் காதோரம் உட்கார வைத்தார்கள். எல்லோரும் ஏன் தன்னிடம் மட்டும் கத்துகிறார்கள் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்போதும் பவளம் கோபமாகப் பேசத் தொடங்கினால் வெயிலுகந்தான் குழாயைத் திருப்பிப் பிடிக்கிறான். அவள் சிறுத்துத் தொலைவில் போய்விடுகிறாள். கோபித்துக்கொண்டு தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பதறி, பூவும் பழமும் வாங்கிக்கொண்டு கரும்பூருக்கு ஓடுகிறான். ஒச்சப்பர் அவனுக்கு இலை போட்டுச் சோறு பரிமாறுகிறார்.

"உள்ளேதான் இருப்பா மாப்பிள்ளை, சாப்பிடுங்க. நீங்க வந்து சொன்னதிலிருந்து கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பாவம், அவ காதுலதான் விழலை."